பனியில் கிடைத்த பயனெட்டும் தேவா அண்ணனும்

ஒரு சனிக்கிழமை காலை, ரிச்சர்ட்சனில் இந்தியன் ஸ்டோரில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தேவா அண்ணனின் மனைவி கிரேஸ் அக்கா போனில் கூப்பிட்டார்.

"சுமதி, அண்ணன் போயிட்டாரு."

நான் ஏதாவது சொல்வதற்குள், கொஞ்சம் கோபமாகவே தொடர்ந்தார். "வியாழக்கிழமையே போயிட்டாரு. என் போன்ல உன் பழைய நம்பர்தான் இருக்கு. அவரு போன்ல தேடினா உன் பேரே இல்ல. மேலயும் கீழயும் தள்ளிப் பாத்து, கடைசியில 'குங்குமம் 44'ன்னு ஒண்ணு இருந்துச்சு. இது நீயாத்தான் இருக்கணும்னு அடிச்சேன். எல்லாரையும் இப்பிடித்தான் வச்சிருக்காரு. பாஸ்டரை மட்டுந்தான் பாஸ்டர்னு போட்டிருக்காரு."

கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் சிரித்தது. பக்கத்தில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல நகர்ந்துபோனார். தேவா அண்ணனின் மரணச் செய்தி இப்படித்தான் வந்திருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கத்தி வந்துவிடும்.

டாலஸைச் சுற்றி வாழும் தமிழர்களில் பலருக்கு தேவசகாயம் அண்ணனைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்ற கட்டைக் குரல் அவருடையது. நாகர்கோவில்காரர். நானும் அவரும் ஒரே டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் பல வருடங்கள் இருந்தோம். என் இடத்துக்கு இரண்டு மேசை தள்ளி அவர். ஆனால் ஃபோர்ட் வொர்த்திலும் ஹூஸ்டனிலும் அவரை அறிந்த அமெரிக்கர்களுக்கு டெலிகாமும் தெரியாது, பாட்டும் தெரியாது. அவர்களுக்கு அவர் பழைய ஜெர்மன் பயனெட்டுகளின் வயதைச் சொல்கிறவர். துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி பயனெட். அது எந்த ஆண்டில் பிறந்தது, எந்தப் பட்டறையில் பிறந்தது, அதன் உறை அதற்குரியதுதானா என்பதை ஒரு பூதக்கண்ணாடியையும் ஒரு வெள்ளைத் துண்டையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவார்.

அது எப்படித் தொடங்கியது என்பதை அவரும் கிரேஸ் அக்காவும் மாறிமாறிச் சொல்லிக் கேட்க வேண்டும். இர்விங்கில் ஒரு அபார்ட்மெண்டில் புதிதாகக் குடியேறியிருந்த நாட்கள். வீட்டுக்காரர் இறந்தபின் சாமான்களையெல்லாம் வாசலில் பரப்பி விற்கும் எஸ்டேட் சேல் ஒன்றுக்குக் குக்கர் வாங்கப் போனார்களாம். குக்கர் இல்லை. நீளமான கத்தி ஒன்று இருந்தது. மீன் வெட்ட ஆகும் என்று அண்ணன் வாங்கி வந்தார்.

"மீனும் வெட்டல, மாங்காயும் வெட்டல," என்பார் கிரேஸ் அக்கா. "வஞ்சிரத்து மேல வச்சு அமுக்கினா வஞ்சிரந்தான் நசுங்குச்சு. இதை வச்சு எவன் சண்டை போட்டான்னு கேட்டேன். அது ஒரு குத்தமாப் போச்சு. அன்னைக்கு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல."

கத்தியின் முதுகில் ஒரு சிறு கிரீடம், அதன்கீழ் W என்ற எழுத்து, அதற்கும் கீழ் 16 என்ற எண். கிரீடமும் எழுத்தும் அந்நாளைய ஜெர்மன் அரசனைக் குறிப்பவை, எண் ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1916ஆம் ஆண்டு என்று கண்டுபிடிக்க அவருக்குச் சில வாரங்கள் ஆயின. மீன் ஏன் வெட்டவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. அது வெட்டுவதற்கு அல்ல, குத்துவதற்குச் செய்தது. கூர் தீட்டுவது போருக்குக் கிளம்பும்போதுதான். விடை கிடைத்ததும் கிரேஸ் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். "அப்ப மீன் வெட்ட ஒரு கத்தி வாங்கிட்டு வாங்க," என்றாராம் அக்கா.

ரிச்சர்ட்சனில் சொந்த வீடு வாங்கியபோது அண்ணன் முதலில் பார்த்தது கராஜை. கார்கள் இரண்டும் டெக்சஸ் வெயிலில் வெளியே காய்ந்தன. உள்ளே ஏசி போட்டு, பயனெட்டுகள் படுத்திருந்தன. அந்த கராஜுக்குள் வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பொருளை மேசைமேல் வைக்கலாம், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. யார் கொண்டுவந்தது, எந்தப் போர், எந்தத் தாத்தா, எதுவும் கூடாது. "கதையை அப்புறம் சொல்லுங்க," என்பார். "முதல்லயே கேட்டுட்டா என் கண்ணு அதைத்தான் பாக்கும்." வாயை அடக்க முடியாதவர்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கிண்ணம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார். பூட்ஸ் போட்ட ஆறடி டெக்சஸ்காரர்கள் சிப்ஸை மென்றபடி மௌனமாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து அவர் செய்வது கத்தியை உறையிலிருந்து உருவி, இரண்டையும் துண்டின் இரண்டு கோடிகளில் வைப்பது. நடுவில் ஒரு அளவுகோலை வேலிபோல வைப்பார். "ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்லதான் விசாரிக்கணும், கேட்டியளா. ஒண்ணா வச்சு கேட்டா ஒண்ணை ஒண்ணு காப்பாத்தும்." பழைய கத்திக்குப் புதிய உறை போட்டிருப்பார்கள், தேய்ந்த உறைக்குள் பிற்காலத்துக் கத்தி உட்கார்ந்திருக்கும். முதல் போரின் தொடக்கத்தில் தோல் உறை, போகப்போக எஃகு உறை. பிடியில் மரமா, பேக்கலைட் என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கா. பிடியின் முதுகில் துப்பாக்கியின் தீப்பொறி படாமலிருக்கத் தகடு இருக்கிறதா, இல்லையா. இரண்டாம் போர்க் காலமென்றால் கத்தியிலும் உறையிலும் ஒரே எண் இருக்கிறதா. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். ஆபீசில் நாங்கள் சர்க்யூட் போர்டைச் சோதிப்பதும் அதே முறைதான். ஆனால் அங்கே அவர் கொட்டாவி விடுவார்.

அந்த கராஜின் சுவரில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், முதுகில் ரம்பப் பற்கள் கொண்ட ஒரு பயனெட் தொங்கும். அதன்கீழ் தமிழில் 'ஏமாந்தது' என்று எழுதி ஒட்டியிருப்பார். ரம்பம் உள்ளவை அரிது, ஆகவே விலை அதிகம். சாதாரணக் கத்தி ஒன்றில் யாரோ பின்னாளில் பற்களை வெட்டி விற்றிருக்கிறார்கள். ஆசையோடு வாங்கி வந்து, விளக்கடியில் பார்த்தபோதுதான் கத்தியெல்லாம் கறுத்திருக்க, பல்லிடுக்குகள் மட்டும் வெளுப்பாக இருந்தது தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் அதை ஒளித்துவைப்பார்கள் அல்லது இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். இவர் வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவார். "நான் ஏமாந்ததைப் பாத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் நான் சொல்றதை நம்புறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

எனக்கு அந்த கராஜ் எப்போதும் முழு நிம்மதியாக இருந்ததில்லை. குத்துவதற்காகவே செய்யப்பட்ட பொருள்கள். அவற்றில் சில, உலகம் மறக்கக் கூடாத ஓர் அரசின் கழுகு முத்திரையைத் தாங்கியவை. ஒருமுறை கேட்டேவிட்டேன், "உங்களுக்கு இது ஒண்ணும் பண்ணலையா அண்ணா?" அவர் கையிலிருந்த வேலையை விடவில்லை. ஒரு கத்தியை எண்ணெய்த் துணியால் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இதைச் செஞ்சவனும், இடுப்புல கட்டினவனும், எதிர்ல நின்னவனும் வீட்டுக்குத் திரும்பிப் போனானான்னு இதுல எழுதியிருக்காது. எழுதியிருக்கது வருஷம் மட்டுந்தான். நான் அதை மட்டும் சரியாச் சொல்லிடணும்னு பாக்குறேன்." அவர் எந்தப் பயனெட்டையும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது அதைக் கையில் எடுத்து வீசிக் காட்டினால், சிரித்த முகத்தோடு வாங்கி உறைக்குள் போட்டு, கராஜ் கதவைத் திறந்து வைத்துவிடுவார். அதற்கு மேல் யாரும் நிற்க மாட்டார்கள்.

இனி, அவர் போனில் எனக்கு ஏன் அந்தப் பெயர் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அம்மா வேலூர்க்காரர். தன் தந்தைக்கு ஒரே பிள்ளை. அந்தத் தாத்தா இரண்டாம் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர். மலையில் வண்டி போகாத இடங்களுக்குக் கழுதைமேல் பாரம் ஏற்றிப் போகிற வேலை. போர் முடிந்து வரும்போது ஒரு ஜெர்மன் கத்தியைக் கொண்டுவந்தார். அது பனியில் கிடைத்தது என்றார். அங்கேதான் வினை தொடங்கியது. ஊரிலிருந்து அந்தக் காலத்தில் படைக்குப் போனவர்கள் எல்லாரும் எகிப்து, பாலைவனம், மணல் என்றுதான் சொல்லிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். தாத்தாவும் எகிப்துக்குக் கப்பலேறியது எல்லாருக்கும் தெரியும். பாலைவனத்தில் எப்படிப் பனி? சொந்தக்காரர்கள் அவருக்குப் 'பனிக்கட்டி மிலிட்டரி' என்று பெயர் வைத்தார்கள். சென்னையில் பழைய சாமான் கடையில் கத்தியை வாங்கிக்கொண்டு வந்து கதை விடுகிறார் என்றார்கள். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நாடுகளின் பெயர் தெரியாது, அவருடைய ராணுவக் காகிதங்கள் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. கொஞ்ச நாளில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். அவர் இறந்த வீட்டில்கூட யாரோ அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததாக அம்மா சொல்வார். அந்த இடத்தில் மட்டும் அம்மாவின் குரல் மாறும்.

தேவா அண்ணனைப் பற்றி ஒருநாள் போனில் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த முறை அம்மா டெக்சஸ் வந்தபோது, பெட்டியில் வடாமுக்கும் வத்தலுக்கும் நடுவில், ஒரு பழைய புடவையில் சுற்றிய கத்தி இருந்தது. ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் அதிகாரி கறிவேப்பிலையைப் பறித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாராம். "இலையைப் பாத்து பயப்படறான், இதைப் பாத்து பயப்படல," என்று அம்மா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். "எங்கப்பா பொய் சொன்னாரா இல்லையா, அவரு சொல்லட்டும். பொய்னா பொய்னே சொல்லட்டும். எனக்கும் வயசாச்சு, தெரிஞ்சிகினு போறேன்."

நான் அண்ணனிடம் ஆபீசில், "அம்மா ஒரு ஜெர்மன் கத்தி கொண்டுவந்திருக்காங்க, எங்க தாத்தா..." என்று ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டார். "கதை வேண்டாம். சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு, எதையும் தொடச்சிராதீங்க. எண்ணெய்கூடப் போட வேண்டாம். இருக்கபடியே வரட்டும்."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால், அடுப்படி சிங்க்கில் அம்மா கத்தியைப் படுக்கவைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் தேய்த்து முடித்தாகிவிட்டது. கண்ணாடிபோல மின்னுகிறது. நான் பிடுங்கிய பிறகுதான் மறுபக்கம் தப்பியது.

"அவரு தேய்க்க வேணாம்னு மரியாதைக்கி சொல்லியிருப்பாரு," என்றார் அம்மா. "நாலு பேர் பாக்கற பொருளை வெளக்காம குடுத்தா நம்பளை இன்னா நெனைப்பாங்க?"

கராஜில் தேவா அண்ணன் புடவையைப் பிரித்தார். மின்னுகிற பக்கத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "இது கத்திம்மா, குத்துவிளக்கு இல்ல," என்றார். பின்னால் கிரேஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு மறுபக்கத்தைத் திருப்பினார். பிடியை ஒட்டிய இடத்தில், முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், கறுஞ்சிவப்பாக ஏதோ அப்பிக் கெட்டியாகியிருந்தது. துருவா, மெழுகா என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அம்மாவுக்குப் பேசத் தடை, வாயில் சிப்ஸ். கையால் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"குங்குமமா?"

அம்மா தலையாட்டினார். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் வரிசையில் இந்தக் கத்தியும் உட்காரும். சந்தனம், குங்குமம் வைத்து, பூஜை முடிந்ததும் தேங்காய் உரிக்கப் போய்விடும். அத்தனை வருடத்துப் பொட்டும் ஒரே இடத்தில், அந்த முத்திரைக்குழியில் இறங்கி இறுகியிருந்தது.

தேவா அண்ணன் ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்தார். சொட்டு எண்ணெய் விட்டு, காது குடைவதுபோல மெதுவாகக் குடைந்தார். முதலில் சின்னதாகச் சில எழுத்துகள் வந்தன, பட்டறையின் அடையாளம். பக்கத்தில் ஒரு 4. பிறகு இன்னொரு 4. கோடுகளுக்குள் குங்குமம் தங்கி, எண் சிவப்பாகத் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை எடுக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். ஆயுத பூஜை கண்ட ஜெர்மன் பயனெட்டு நான் பாத்ததுல இது ஒண்ணுதான்."

உறையைத் தனியாக எடுத்துப் பார்த்தார். எண்ணை வாசித்தார். கத்தியின் எண்ணை வாசித்தார். வேறு வேறு. உறை கத்தியைவிடச் சில வருடங்கள் மூத்தது. குறிப்பு எதுவும் எழுதவில்லை, தலையை மட்டும் ஒருமுறை அசைத்தார்.

"அம்மா, இது நெசமான ஜெர்மன் பயனெட்டு. நாப்பத்திநாலுல செஞ்சது. உறை இதோடது இல்ல, வேற ஒண்ணோட உறை." கத்தியைத் துண்டின்மேல் திரும்ப வைத்தார். "ஆப்பிரிக்காவுல சண்டை நாப்பத்திமூணுலயே முடிஞ்சு போச்சு. நம்ம ஊரு பட்டாளத்துக்காரங்க பெரும்பாலும் எகிப்துன்னுதான் சொல்வாங்க. அதனால யாராவது எகிப்துல, பாலைவனத்துல கிடைச்சதுன்னு சொல்லியிருந்தா, அது நடக்க வழியில்ல."

அம்மா சிப்ஸ் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்திராத ஒரு தளர்ச்சி. கைப்பையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்புகிறவர்போல. "அப்ப எல்லாரும் சொன்னதுதான் சரி. கடையில வாங்கினதுதான்," என்றார். "வா சுமதி, போலாம்."

தேவா அண்ணன் பூதக்கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். விளக்கை அணைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "நான் இன்னும் உங்க கதையைக் கேக்கவே இல்லயே. இப்ப சொல்லுங்கம்மா. உங்கப்பா என்ன சொன்னாரு? மத்தவங்க சொன்னது வேண்டாம். அவரு வாயால சொன்னது."

அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். "எகிப்துன்னு அவரு சொன்னதில்ல தம்பி. அது ஊர்க்காரங்க சொல்றது. அவரு பனின்னுதான் சொன்னாரு. மலைன்னாரு. கழுதை வயித்துக்கு பனி. பாரம் கட்டின கயிறு அப்பிடியே எறுகிப்போயி, அவுக்க வரல, கழுதை சரியுது. பக்கத்துல ஜெர்மன்காரன் உட்டுட்டுப் போன குழி. அதுல இந்தக் கத்தி கெடந்துச்சாம். எடுத்து கயித்தை அறுத்து கழுதையக் காப்பாத்தினாராம். சண்டையெல்லாம் ஒண்ணும் போடல. அதனாலயே அவங்களுக்கு இளப்பம்."

"உறை?"

"உறை அதோட இல்லியாம். வெறுங்கத்தியாத்தான் கெடைச்சுது. துணியில சுத்தி வச்சிருந்தாராம். அப்புறமா எறங்கி வரும்போது வேற எங்கியோ ஒரு உறை கெடந்துச்சு, போட்டுப் பாத்தா சேந்துகிச்சு, எடுத்துகினு வந்துட்டேன்னு சொல்வாரு."

தேவா அண்ணன் எழுந்துபோய்க் கிரேஸ் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இந்தக் கடைசி வரியை இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா, இவளும் கேக்கட்டும்." அம்மா மறுபடி சொன்னார். அண்ணன் முகம் முழுக்கச் சிரிப்பு. எகிப்தில் இறங்கிய இந்தியப் படைகளில் பலவற்றை அங்கிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள் என்றார். இத்தாலியில் மலை, குளிர்காலம் முழுக்கப் பனி, ஏறுவதற்குக் கோவேறு கழுதைதான் வழி. நாற்பத்துநாலில் செய்த கத்தி அந்தக் குளிர்காலத்தில் அங்கே கிடக்கலாம்.

"அப்ப எங்கப்பா சொன்னது நெசந்தானா தம்பி?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். அம்மாவின் முகம் அப்படி இருந்தது. தேவா அண்ணன் சொல்லவில்லை. "அவரு கையில இது எப்பிடி வந்ததுன்னு கத்திக்குத் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். ஊர்க்காரங்க சொன்ன எகிப்தை இந்தக் கத்தி ஒத்துக்கல. உங்கப்பா சொன்னதுல இந்தக் கத்தி மறுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. உங்க கதையைக் கேக்கறதுக்கு முன்னாடியே உறை வேறன்னு நான் கண்டுட்டேன், உங்கப்பாவும் அதையேதான் சொல்லியிருக்காரு. அந்தச் சேதி அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

"ஒத்துக்கல," என்று அம்மா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மறுக்கல." பிறகு கிண்ணத்தை எடுத்து மீதிச் சிப்ஸைத் தின்னத் தொடங்கினார். அழுகை சிப்ஸ் தீர்ந்த பிறகுதான் வந்தது.

அன்று மாலையே வேலூருக்கு வீடியோ கால். எதிர்முனையில் குமரேசன் மாமா, அம்மாவின் சித்தப்பா மகன். 'பனிக்கட்டி மிலிட்டரி' என்ற பெயரை வைத்த வீட்டின் இன்றைய வாரிசு. அங்கே விடிகாலை, மாமா பல் விளக்கிக்கொண்டிருந்தார். தேவா அண்ணனை அம்மா விடவில்லை, சாட்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா," என்றார் மாமா பிரஷ்ஷை எடுத்துவிட்டு, "அமெரிக்கா வரைக்கும் போயி பெரியப்பாவுக்கு சர்ட்டிபிகேட் வாங்கிட்டியா?"

"சார், சர்ட்டிபிகேட் கத்திக்குத்தான்," என்றார் அண்ணன்.

"கத்தியில பனி பேஞ்சதுன்னு எழுதியிருக்கா?"

"அது எழுதியில்ல சார். எகிப்து இல்லைன்னு எழுதியிருக்கு."

மாமா போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். கத்தியை அருகில் காட்டச் சொன்னார். சிவப்பு எண்ணைப் பார்த்தார். "நாப்பத்திநாலு," என்று அவரே வாசித்தார். பிறகு கேட்டார்: "எவ்ளோ பனியாம்க்கா? முட்டிக்கா?"

"கழுதை வயித்துக்கு," என்றார் அம்மா.

"அடேங்கப்பா," என்றார் மாமா. அதில் கிண்டல் இல்லை.

அந்த முறை அம்மா ஊர் திரும்பும்வரை தினமும் தாத்தாவைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பிறந்தது முதல் கேட்டிராத செய்திகள். அவர் கழுதைக்குப் பெயர் வைத்திருந்தது, குளிரில் தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்தது எல்லாம். பொய் என்று ஒரு பெயர் விழுந்துவிட்டதால், இத்தனை காலம் அவற்றை அம்மா யாரிடமும் எடுக்கவே இல்லை. என் மகள் ஒருநாள் கேட்டாள், "வாட் வாஸ் தி மியூல்ஸ் நேம் அகெய்ன், பாட்டி?" அம்மா அதற்கும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அண்ணனின் அடக்கத்தன்று தேவாலயம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சபைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள். மறுபக்கம் பூட்ஸும் தொப்பியுமாகப் பயனெட்காரர்கள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டுக்கு உதடசைத்தார்கள். சாப்பாட்டின்போது ஒருவர் பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தாத்தாவின் கத்தி போலி என்று அண்ணன் சொன்ன நாளைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். ஊருக்குப் போன் செய்தபோது அம்மா பேச முடியாமல் குமரேசன் மாமாவிடம் கொடுத்தார். "நல்ல மனுஷன்மா, கறாரான மனுஷன்," என்றார் மாமா.

எல்லாரும் போன பிறகு கிரேஸ் அக்காவைத் தேடினேன். கராஜில், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு கதை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், தேவா இப்படி, தேவா அப்படி என்று. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருந்தேன். நானும் ஒன்று சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லவில்லை. எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இப்ப நீங்க சொல்லுங்கக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "அவருக்கு நீச்சல் தெரியாது, தெரியுமா உனக்கு?" என்றார். "கன்னியாகுமரி ஜில்லாக்காரரு, கடலுக்குப் பக்கத்துல பொறந்தவரு. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல நல்லா நீந்துவேன்னு சொல்லியிருக்காரு, பாவி..." சிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் பேசினார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அண்ணனுடைய கண் எனக்குக் கிடையாது. கிரீடத்தையும் எழுத்தையும் எண்ணையும் பற்றி அவர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது, தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்துபோகாமல், விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் உட்கார்ந்த அந்த உட்காருதல்தான்.